துணியை மறுத்த திரௌபதி

ஹைஸ்னாம் சாபித்ரி. இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நம் ஊர்க்காரர்களில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவர் தலையாட்டினாலே அதிகம். மணிப்பூரின் மாபெரும் நாடக நடிகை. 1946-ல் பிறந்தவர். சங்கீத நாடக அகாதமி விருது, 2008-ல் பத்மஸ்ரீ என்று அரசாங்க கௌரவங்களும் வாங்கியவர். அந்தப் பெண்மணி 2000-ஆம் வருடம் ஏப்ரல் மாதம், ஐம்பதைத் தாண்டிய வயதில், இம்பாலில் ஒரு மேடையில், சொந்த ஊர் ஜனங்கள் முன்னால், தன் உடைகளை ஒவ்வொன்றாகக் களைந்துவிட்டு நின்றார்.

நாடகத்தின் பெயர் 'திரௌபதி'.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு நெளிவு வந்திருக்கும். எனக்கும் வந்தது. அந்த நெளிவைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். எதற்காக நெளிகிறோம், அந்த வெட்கம் யாருடையது என்பதுதான் சாபித்ரி மேடையில் கேட்ட கேள்வி.

நான் நாகர்கோவில்காரன். தில்லிக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. குர்காவ்னில் வேலை. ஆபீஸில் மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் பிள்ளைகள் எப்போதும் நாலைந்து பேராவது இருப்பார்கள். தில்லியில் நம்மை 'மதராசி' என்று ஒரே மூட்டையில் கட்டிப்போடுவதைப் போல அவர்களையும் 'நார்த் ஈஸ்ட்' என்று கட்டிவிடுவார்கள். மூட்டைக்குள் கிடப்பவர்களுக்கு இன்னொரு மூட்டையின் மேல் ஒரு பாசம் வரத்தானே செய்யும்? மணிப்பூர் மேல் எனக்கு அக்கறை வந்தது அப்படித்தான். தவிர, பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பிய நம் ஜனங்கள் எல்லையோரம் மோரே என்ற ஊரில் அங்காளபரமேசுவரிக்குக் கோவில் கட்டிக் குடியேறிய மாநிலமும் அதுதான். ரொம்ப அந்நியம் என்று சொல்லிவிட முடியாது.

பெண்கள் நடத்தும் ஊர்

சாபித்ரி செய்ததைப் புரிந்துகொள்ள அந்த ஊரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இம்பாலில் 'இமா கெய்தேல்' என்று ஒரு சந்தை இருக்கிறது. இமா என்றால் அம்மா. அம்மாக்களின் சந்தை. கடை போடுகிறவர்கள் எல்லோரும் பெண்கள்தான், ஆயிரக்கணக்கில். ஆண்கள் வாங்கலாம், விற்க முடியாது. இந்தச் சந்தைப் பெண்கள் இரண்டு முறை வெள்ளைக்காரனை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். 1904-ல், ஆண்களைக் கட்டாய வேலைக்கு இழுத்ததற்காக. 1939 டிசம்பரில், ஊரில் பஞ்சம் இருக்கும்போது அரிசியை வெளியே ஏற்றுமதி செய்ததற்காக. 'நுபி லான்', அதாவது பெண்களின் போர் என்று அதற்குப் பெயர். 1970-களின் கடைசியில், முதலில் குடிக்கு எதிராகவும் பிறகு ராணுவத்தின் அத்துமீறலுக்கு எதிராகவும், தீப்பந்தம் ஏந்தி இரவில் தெருக்காவல் காத்த 'மெய்ரா பைபி' பெண்கள் இந்த வழியில் வந்தவர்கள்.

இத்தனை இருந்தும் பெண்ணின் உடம்பைச் சுற்றிக் கட்டுப்பாடுகளுக்குக் குறைவில்லை. மெய்தேய் பெண்கள் இடுப்பில் சுற்றும் துணிக்கு 'ஃபனெக்' என்று பெயர். நம் ஊர்க் கைலியைப் போல இருக்கும். உலர்த்திய ஃபனெக்கின் அடியில் ஆண் குனிந்து போக மாட்டான். போனால் அவனுடைய வலிமை போய்விடும் என்பது நம்பிக்கை. ஒரு துணிக்கே இவ்வளவு பயம் என்றால், அந்தத் துணி இல்லாமல் ஒரு பெண் பலர் முன்னால் நிற்பது எப்படிப்பட்ட காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கம், 1980 செப்டம்பரிலிருந்து மணிப்பூர் முழுவதும் 'கலவரப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டு, 1958-ன் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் கீழ் வந்தது. சந்தேகத்தின் பேரில் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், சில நிலைமைகளில் எச்சரித்துவிட்டுச் சுடலாம். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எந்தச் சிப்பாய் மேலும் வழக்குப் போட முடியாது. ஆயுதக் குழுக்கள் ஒரு பக்கம், ராணுவம் இன்னொரு பக்கம், நடுவில் ஜனங்கள். சாபித்ரியின் நடிப்பு வாழ்க்கையின் பெரும்பகுதி இந்த நிழலில்தான் கழிந்தது.

ஹிந்தி தெரியாததால் கிடைத்த நாடகம்

சாபித்ரியின் கணவர் ஹைஸ்னாம் கன்ஹைலால் (1941–2016). அவர்தான் இயக்குநர். 1968-ல் நாடகம் படிக்க ஆசைப்பட்டு தில்லிக்கு வந்தார், நம் மண்டி ஹவுஸ் பக்கத்து தேசிய நாடகப் பள்ளிக்கு. பாடங்கள் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும். இரண்டும் அவருக்கு வசப்படவில்லை. பாதியிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். இந்த ஊரில் ஹிந்தி தெரியாமல் வந்து இறங்கி முதல் ஆறு மாதம் வாயடைத்து நின்ற யாருக்கும் அந்த வலி எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பி 1969-ல் 'கலாக்ஷேத்ரா மணிப்பூர்' என்ற குழுவை ஆரம்பித்தார். (நம் அடையாறு கலாக்ஷேத்ராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) வாய்ப்பேச்சுதான் என்னைக் கைவிட்டது, பேச்சே குறைவாக இருக்கும் நாடகம் செய்தால் என்ன? அவர் போன பாதை அதுதான். உடம்பு, மூச்சு, முனகல், பாட்டு, மௌனம். இவற்றாலேயே கதை சொல்வது. 1970-களின் தொடக்கத்தில் வங்கத்து பாதல் சர்க்காரோடு வேலை செய்தது அவருக்கு இன்னும் தெம்பு கொடுத்தது. இதே பாதல் சர்க்கார்தான் 1980-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் பயிற்சி முகாம் நடத்தி, தமிழ் நவீன நாடகக்காரர்கள் பலருக்கு வழி காட்டினார். அந்த வகையில் கன்ஹைலாலும் நம்மவர்களும் ஒரே வாத்தியாரிடம் கொஞ்சம் கற்றுக்கொண்டவர்கள்.

கன்ஹைலாலின் யோசனைகளுக்கு உடம்பு கொடுத்தவர் சாபித்ரி. இதை அவரே பல இடங்களில் ஒத்துக்கொண்டிருக்கிறார். சின்ன வயதிலேயே மேடை ஏறியவர் சாபித்ரி. குரலையும் உடம்பையும் அவர் ஆளும் விதம் அப்படி. பறவையாவார், பைத்தியமாவார், குழந்தையாவார், கிழவியாவார்.

1975-ல் அவர்கள் போட்ட 'பெபெட்' நாடகத்தை நான் தில்லியில் ஒரு நாடக விழாவில் பார்த்தேன். அடுப்படியில் உட்கார்ந்து பாட்டிகள் சொல்லும் குழந்தைக் கதைதான் மூலம். பெபெட் ஒரு சின்னக் குருவி. குஞ்சுகளைத் தின்ன ஒரு பூனை அலைகிறது. குஞ்சுகள் பறக்கிற வரைக்கும் தாய்க்குருவி பூனையைப் புகழ்ந்து பாடியே சமாளிக்கிறது. கன்ஹைலால் அந்தப் பூனைக்குச் சாமியார் வேஷம் போட்டார். அவ்வளவுதான், குழந்தைக் கதை வேறு கதையாகிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் அரசரின் ஆணையால் வைணவம் வந்து பழைய மெய்தேய் வழிபாட்டை ஓரங்கட்டியது அந்த ஊருக்கு இன்னும் ஆறாத விஷயம். தேசத்துக்கு எதிரான நாடகம், மதத்துக்கு எதிரான நாடகம் என்று வசவுகள் வந்தன.

எனக்கு ஒரு வார்த்தை மணிப்புரி தெரியாது. ஆனால் தாய்க்குருவியாக சாபித்ரி சிறகடித்தபோது, குஞ்சுகளை எண்ணியபோது, பூனைக்கு முன்னால் சிரித்துக்கொண்டே பயந்தபோது எனக்கு மொழி தேவைப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஞ்சாபி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புடவை வராத துகிலுரிப்பு

சரி, திரௌபதிக்கு வருவோம்.

மூலக்கதை வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி (1926–2016) எழுதியது. 1978-ல் வந்த 'அக்னிகர்ப' தொகுப்பில் இருக்கிறது. காயத்ரி ஸ்பிவாக் 1981-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகு உலகம் முழுவதும் போனது. நக்சல்பாரிக் காலம். கதாநாயகி ஒரு சந்தால் பழங்குடிப் பெண். அவள் பெயர் திரௌபதி. அவளுடைய ஜனங்களின் வாயில் அது தோப்தி. கணவனை ஏற்கெனவே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவளைக் காட்டில் பிடிக்கிறார்கள். சேனாநாயக் என்ற படித்த, நாகரிகமான அதிகாரி, செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்று சிப்பாய்களிடம் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். இரவெல்லாம் அவளைச் சிதைக்கிறார்கள். காலையில் அதிகாரி முன்னால் கொண்டு நிறுத்த வேண்டும். துணி கொடுக்கிறார்கள், உடுத்திக்கொள் என்கிறார்கள். அவள் மறுக்கிறாள். அப்படியே நடந்து போய் சேனாநாயக்கின் முன்னால் நிற்கிறாள். ஆயுதமில்லாத ஒருத்தியைப் பார்த்து அவன் வாழ்க்கையில் முதல் முறையாகப் பயப்படுகிறான். கதை அங்கே முடிகிறது.

நமக்குத் திரௌபதியை நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே பாரதியின் 'பாஞ்சாலி சபதம்' படித்தவர்கள் நாம். அதன் முதல் பாகம் 1912-ல் வெளிவந்தது. பாஞ்சாலியைப் பாரத தேசமாகவே பார்த்தவர் பாரதி. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து நண்பர்களிடம் கேளுங்கள். திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் கூத்து நடக்கும்போது துகில் கட்டம் வந்தால் வேடிக்கை பார்க்க மாட்டார்கள். கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்கள். நம் ஊரில் அது கதை மட்டுமில்லை, வழிபாடு.

ஆனால் நாம் கும்பிடும் அந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது? அவள் கைகூப்புகிறாள், கண்ணன் துணி அனுப்புகிறான், மானம் காப்பாற்றப்படுகிறது. மானம் துணியில் இருக்கிறது. துணி ஆண் தெய்வத்திடமிருந்து வருகிறது. மகாஸ்வேதா தேவி இதைத் தலைகீழாக்கினார். இவளுக்குக் கண்ணன் வரவில்லை. துணி வருகிறது, ஆனால் சிதைத்தவன் கையிலிருந்து. நீ செய்ததை மூடுவதற்கு நான் ஏன் துணி கட்ட வேண்டும் என்று அவள் அதை உதறுகிறாள். மானம் போனது எனக்கில்லை, உனக்கு என்கிறாள்.

இதைத் தாளில் எழுதுவது ஒன்று. நடிப்பது வேறு. சந்தையில், கோவிலில், உறவில் எல்லோருக்கும் முகம் தெரிந்த, ஒரு வீட்டின் தலைவியான பெண், கேமரா இல்லை, எடிட்டிங் இல்லை, கண்ணெதிரே அதைச் செய்வது என்பது முற்றிலும் வேறு. நான் இந்த நாடகத்தை நேரில் பார்த்ததில்லை. சில பகுதிகளை வீடியோவில் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு துளிக் கவர்ச்சி கிடையாது. அந்த உடம்பு பேசுகிறது. அவர் முன்னேறி வர வர, எதிரே நிற்கும் சிப்பாய்கள் பின்னால் நகர்கிறார்கள். துணி இல்லாதவள் நிமிர்கிறாள், யூனிஃபார்ம் போட்டவன் குறுகுகிறான்.

இம்பாலில் எதிர்ப்பு கிளம்பியது. பத்திரிகைகளில் கண்டனங்கள். நம் பெண்களின் மானத்தை மேடையில் விற்றுவிட்டார்கள் என்கிற மாதிரிப் பேச்சு. பெண்கள் தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. அங்கே அந்த நாடகத்தைத் தொடர்ந்து நடத்த முடியவில்லை.

சாபித்ரி மன்னிப்புக் கேட்கவில்லை.

2004, ஜூலை 15

நாலு வருடம் கழிந்தது. 2004 ஜூலை 10 இரவு தங்ஜம் மனோரமா என்ற 32 வயதுப் பெண்ணை, தீவிரவாதக் குழுவைச் சேர்ந்தவர் என்று சொல்லி, அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் படையினர் வீட்டிலிருந்து கைது செய்து அழைத்துப் போனார்கள். மறுநாள் காலை உடல் கிடைத்தது, குண்டுக் காயங்களோடு. பாலியல் வன்முறை நடந்தது என்று ஊர் கொதித்தது. தப்பி ஓடும்போது சுட்டோம் என்றது படை.

ஜூலை 15 காலை, இம்பாலின் நடுவில் இருக்கும் காங்லா கோட்டை வாசலுக்குப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். மணிப்பூர் அரசர்களின் பழைய கோட்டை அது. 1891-ல் வெள்ளைக்காரன் பிடித்தான். பிறகு அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் தங்கியிருந்தது. வந்தவர்கள் நடுத்தர வயதையும் அதைத் தாண்டியவர்களும், பேரன் பேத்தி எடுத்தவர்களும்தான். மெய்ரா பைபி பெண்கள். வாசலில் நின்று உடைகளைக் களைந்தார்கள். இந்திய ராணுவமே, எங்களையும் பலாத்காரம் செய் என்று ஆங்கிலத்தில் எழுதிய பேனரைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் மனோரமாவின் அம்மாக்கள் என்று கதறினார்கள். உள்ளே துப்பாக்கியோடு நின்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மகாஸ்வேதா தேவி எழுதிய கடைசிப் பக்கம் தெருவில் நடந்தது. சாபித்ரியின் மேடை ஊர் நடுவுக்கு வந்துவிட்டது.

நாடகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் இதைச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அந்தப் பன்னிரண்டு பேரைச் சிறுமைப்படுத்துவதாகிவிடும். அவர்களுடைய கோபத்துக்கு அவர்களுடைய சொந்த வரலாறு போதும். 1904 போதும், 1939 போதும். ஆனால் ஒன்று சொல்லலாம். 2000-ல் மேடையில் ஆபாசம் என்று பேசப்பட்டது, 2004-ல் தெருவில் நடந்தபோது அதே ஊரில் அதை ஆபாசம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊரே அழுதது. அதற்குப் பிறகு சாபித்ரியின் நாடகத்தை ஒரு முன்னறிவிப்பாகப் பேச ஆரம்பித்தார்கள். இடையில் எந்தச் சட்டமும் மாறவில்லை. பார்க்கிறவர்களின் கண் மாறியிருந்தது. கலை செய்கிற வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படியும் பார்க்கலாம் என்று ஒரு பார்வையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும். நேரம் வரும்போது அது பயன்படும்.

விளைவுகள் இருந்தன. அந்த ஆகஸ்டில் இம்பாலின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளிலிருந்து சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது. 2004 நவம்பர் 20-ல் காங்லா கோட்டை மணிப்பூரிடமே ஒப்படைக்கப்பட்டது. சட்டத்தை ஆராய நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையில் குழு போட்டார்கள். சட்டத்தையே எடுத்துவிடலாம் என்று 2005-ல் அது சொன்னது. எடுக்கவில்லை. மனோரமாவின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2014-ல் உத்தரவிட்டது.

நம் வீட்டுக்கு அருகே

இதெல்லாம் எங்கேயோ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடந்தது என்று நினைக்க வேண்டாம்.

2012 டிசம்பர் நமக்கு மறக்காது. பெண் பிள்ளை வைத்திருந்த ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் அந்தக் குளிரில் கதிகலங்கிப் போயிருந்தது. கோச்சிங் முடிந்து பெண் வீடு திரும்பும்வரை வாசலில் நின்ற அப்பாக்களில் நானும் ஒருவன். அப்போது போட்ட நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. ஆயுதப்படையினர் செய்யும் பாலியல் குற்றங்களும் சாதாரணச் சட்டத்தின் கீழேயே வர வேண்டும், முன் அனுமதி கேட்கும் பாதுகாப்பு அவற்றுக்குக் கூடாது என்று அதில் இருக்கிறது. தில்லிப் பெண்ணுக்காக உட்கார்ந்த குழு மணிப்பூர்ப் பெண்ணையும் நினைத்தது. குழுவின் பல பரிந்துரைகள் சட்டமாயின. சிறப்பு அதிகாரச் சட்டத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

2016 செப்டம்பரில் ஹரியானாவின் மகேந்திரகரில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்தில், அந்த வருடம் காலமான மகாஸ்வேதா தேவிக்கு அஞ்சலியாக இதே திரௌபதி கதையை நாடகமாகப் போட்டார்கள். குர்காவ்னிலிருந்து காரில் போய் வரும் தூரம்தான். ராணுவத்தை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று போராட்டம் வெடித்தது; நாடகத்தோடு சம்பந்தப்பட்ட ஆசிரியர்கள் மேல் விசாரணை வைத்தார்கள்.

2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில ஆனர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி'யை எடுத்துவிட்டது. கல்விக் குழு உறுப்பினர்கள் பதினைந்து பேர் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. கூடவே எடுக்கப்பட்டவை எவை தெரியுமா? பாமாவின் எழுத்தும் சுகிர்தராணியின் கவிதைகளும். இரண்டும் நம் தமிழ். இரண்டும் தலித் பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி, உழைப்பைப் பற்றி எழுதியது. தோப்தியோடு நம் பெண்கள் இருவரும் ஒரே நாளில் ஒரே வாசல் வழியாக வெளியே அனுப்பப்பட்டார்கள்.

என் மகள் அதற்கு முந்தைய வருடங்களில் அதே பாடத்தைப் படித்தவள். இந்தக் கதையை முதலில் எனக்குச் சொன்னதே அவள்தான், சாப்பாட்டு மேஜையில். பருப்பை ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வயதில் எங்கள் வீட்டில் இப்படியொரு கதையை அப்பா எதிரில் பேச முடியுமா என்று பிறகு கேட்டாள். முடியாதுதான். பாடப்புத்தகத்தில் இருந்ததால் அதைப் பேச ஒரு வழி கிடைத்தது. அது இல்லாமல் போனபோது அந்தப் பேச்சும் பல வீடுகளில் இல்லாமல் போயிருக்கும்.

இன்னொன்று. எங்கள் குமரி மாவட்டத்துத் தோள்சீலைப் போராட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1822-லிருந்து அடிபட்டு, கிழிபட்டு, 1859-ல்தான் ரவிக்கை போட அரசாங்க அனுமதி வாங்கினார்கள். தில்லியில் நம் பிள்ளைகள் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் உடையின் சமூக வரலாறு என்ற பாடத்தில் இது இருந்தது. முதலில் பரீட்சைக்கு வேண்டாம் என்றார்கள்; 2019-ல் அந்தப் பாடத்தையே நீக்கிவிட்டார்கள்.

எங்கள் பாட்டிகள் துணிக்காகப் போராடினார்கள். மணிப்பூரின் அம்மாக்கள் துணியை உதறிப் போராடினார்கள். எதிரெதிர் போலத் தெரியும், இரண்டும் ஒன்றுதான். என் உடம்பை மூடுவதா வேண்டாமா என்பதை நான் சொல்வேன், நீ சொல்லாதே. இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இரண்டு போராட்டமும்.

2023

இதோடு முடித்திருந்தால் அழகான கதை. ஆனால் 2023-ஐச் சொல்லாமல் இன்றைக்கு மணிப்பூரைப் பற்றி எழுத முடியாது.

அந்த வருடம் மே 3-ஆம் தேதி மெய்தேய்களுக்கும் குக்கி-ஸோ மக்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். நம் ஆட்கள் இருக்கும் மோரேயும் எரிந்தது. மே 4 அன்று ஒரு கும்பல் குக்கி-ஸோ பெண்களை நிர்வாணமாக்கித் தெருவில் இழுத்துச் சென்றது. ஜூலை 19-ல் அந்த வீடியோ வெளிவந்தபோதுதான் நாட்டுக்கே உறைத்தது. இரண்டரை மாதம் கழித்து.

காங்லா வாசலில் தாங்களாகவே உடையைக் களைந்த அம்மாக்களின் அதே மாநிலம். அம்மாக்களின் வாரிசுகளான மெய்ரா பைபி பெண்கள் இம்முறை ஒரு தரப்புக்காக மட்டுமே நின்றார்கள் என்ற கடுமையான விமர்சனம் எழுந்தது. அதை ஒதுக்கிவிட முடியாது. மனோரமாவுக்கு அம்மாவான மனசு, எதிர் இனத்துப் பெண்ணுக்கு அம்மாவாக மறுத்தால் அது எவ்வளவு பெரிய சரிவு!

ஒரு பெண் தானே ஆடையை உதறுவதும், ஒருத்தியின் ஆடையை மற்றவர்கள் உருவுவதும் பார்வைக்கு ஒரே காட்சி. அர்த்தத்தில் நேர் எதிர். முதலாவதில் அவள் பேசுகிறாள். இரண்டாவதில் அவள் வாயை அடைக்கிறார்கள். இந்த வித்தியாசம் தெரியாத கண்தான் 2000-ல் சாபித்ரியைத் திட்டியது. இந்த வித்தியாசம் தெரியாத கண்தான் 2023-ல் அந்த வீடியோவைச் செல்போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிப் பார்த்தது. நம் வாட்ஸப் குழுக்களிலும் அது வந்தது, ஞாபகமிருக்கிறதா? எத்தனை பேர் அனுப்பினோம், எத்தனை பேர் அழித்தோம்?

ஆகவே சாபித்ரியின் நாடகம் ஒரு தரப்புக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் இல்லை. சேனாநாயக் எந்த உடுப்பிலும் வருவான். ராணுவ உடுப்பில் வருவான். சொந்த இனத்துக் கும்பலின் உடுப்பிலும் வருவான். தோப்தி எந்த இனத்துப் பெண்ணாகவும் இருக்கலாம். யார் வந்தாலும் நாடகம் கேட்பது ஒரே கேள்வி: வெட்கப்பட வேண்டியது யார்?

நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லும் வார்த்தைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். துப்பட்டாவைச் சரியாகப் போடு, இருட்டுவதற்குள் வா, யாராவது ஏதாவது செய்தால் குடும்ப மானம் போய்விடும். வெளியூரில் இருக்கிற நாம், சொந்த பந்தம் பக்கத்தில் இல்லாத பயத்தில், ஊரில் இருப்பவர்களை விடவே இதை அதிகம் சொல்கிறோம். ஜாக்கிரதையாக இரு என்று சொல்வதில் தப்பில்லை, நானும் சொல்கிறேன். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். யாராவது ஏதாவது செய்தால் மானம் போகிறது அவனுக்கு, உனக்கில்லை. நேராக எங்களிடம் வந்து சொல். இதை மகளிடமும் மகனிடமும் சேர்த்துத்தான் சொல்கிறோம். மகன்களிடம் சொல்வது ரொம்ப முக்கியம்.

கன்ஹைலால் 2016 அக்டோபரில் காலமானார், மகாஸ்வேதா தேவி போய் மூன்றாவது மாதம். பெபெட், திரௌபதி இரண்டும் இந்திய நாடக வரலாற்றில் நின்றுவிட்டன. தில்லியிலோ கொல்கத்தாவிலோ பெங்களூரிலோ கலாக்ஷேத்ரா மணிப்பூரின் நாடகம் வந்தால் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். வளர்ந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மொழி புரியாதே என்று தயங்க வேண்டாம். மொழி புரியாமல் தில்லியை விட்டுப் போனவர் உண்டாக்கிய நாடகம் அது.